பூங்காப் பயனாளர் வரலட்சுமி

சமநீதி நகரமைப்பு ஆணையத்தின் செங்கல்பட்டு அலுவலகத்தில் எல்லோரும் வட்டமாகத்தான் உட்கார வேண்டும். நீள மேஜை போட்டால் யாராவது ஒருவர் தலைப்பக்கம் உட்கார நேரும், அது ஆதிக்கம் என்று சொல்லி உறுப்பினர் செயலர் ஜெயகிருஷ்ணன் வந்த முதல் வாரமே பழைய தேக்கு மேஜையைத் தூக்கிக் கிடங்கில் போட்டுவிட்டார். இப்போது வட்டத்தில் பதினான்கு நாற்காலிகள். பதின்மூன்று பிளாஸ்டிக். பதினான்காவது சுழல் நாற்காலி, முதுகில் பூத்துவாலை போர்த்தியிருக்கும். வட்டம் அங்கேதான் ஆரம்பிக்கும், அங்கேதான் முடியும்.

நான் பட்டாபிராமன். முப்பத்துநாலு வருஷம் அரசு அலுவலகங்களில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்று, ஓய்வு வீட்டில் ஒத்துவராமல் இங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தவன். திருப்போரூரிலிருந்து தினமும் பஸ். இந்தக் கதையில் வருகிற அநியாயத்தை முதலில் செய்தவன் நான்தான். அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிற்பாடு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும்.

ஜெயகிருஷ்ணன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லையே. வெளிநாட்டில் பதினோரு வாரம் தங்கி, குடிமை உரிமைப் போராட்டங்களின் தத்துவத்தை ஊர் அமைப்பில் எப்படிப் புகுத்துவது என்று படித்துவிட்டு வந்தவர். வந்ததும் நாற்பத்து மூன்று பிரிவுகள் கொண்ட உரிமைச் சாசனம் ஒன்றை எழுதினார். எந்தக் கூட்டமானாலும் முதலில் எல்லோரும் எழுந்து நின்று அதை முழுக்க வாசிக்க வேண்டும். இருபத்திரண்டு நிமிஷம். பிறகு சமோசா. எனக்கு முட்டி வலி உண்டு என்பதால் ஒவ்வொரு பிரிவும் எத்தனையாவது நிமிஷத்தில் வரும் என்பது அத்துப்படி. அந்த நாற்பத்து மூன்று பிரிவுகளில் சாதி என்ற வார்த்தை ஓரிடத்திலும் கிடையாது. "வரலாற்று வழிவந்த இடவேறுபாடு" என்று இருக்கும். கேட்டால், அந்த வார்த்தையைப் போட்டால் கூட்டத்தில் சிலருக்குச் சங்கடமாகும் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கும்தான் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது.

இனி என் பாவம். சமத்துவத் திட்டம் என்றால் மொத்தப் பரப்பில் பத்து சதவீதம் பூங்கா காட்ட வேண்டும். எங்கள் வரைபடத்தில் மூன்று ஏக்கர் குறைந்தது. நான் ஒரு காலி இடத்தில் பச்சை பூசினால் அடுத்த நாள் மனை போடுகிறவர் போன் செய்வார். வேறு இடத்தில் பூசினால் கல்யாண மண்டபக்காரர் நேரிலேயே வந்துவிடுவார். கடைசியில் ஜெயகிருஷ்ணன் என் தோளில் கை வைத்து, ஆட்சேபணை வராத இடமாகப் பாருங்கள் சார் என்றார். செயற்கைக்கோள் படத்தில் திருப்போரூருக்கு இந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி ஒரு திட்டு வேப்பமரமும் தென்னையுமாகப் பச்சென்று தெரிந்தது. மரத்தடியில் ஏரிக்கரைக் காலனி இருந்தது. அறுபத்துநாலு வீடு. எனக்குத் தெரியும். தினமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறேன், அந்த நிறுத்தத்தில் ஏறுகிற பெண்களுக்கு நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறேன். தெரிந்தேதான் அந்த மூன்று ஏக்கரிலும் பச்சையை ஊற்றினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் காலனிக்கும் பஸ் போகிற சாலைக்கும் நடுவே ஒரு மனைப்பிரிவு வந்திருந்தது. கடற்காற்று நகர் என்று பெயர். கடல் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விளம்பரத்தில் சொல்லவில்லை. மனை வாங்க வந்தவர்கள் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். உடனே ஏழடிச் சுவர் ஒன்று எழும்பியது. மனைப்பிரிவின் தெருக்கள் எல்லாம் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தவை, ஆகவே பொதுச்சாலை, ஆகவே அதன் குறுக்கே சுவர் கட்டக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். தெரிந்து என்ன. காலனிக்காரர்கள் முன்பு இருநூறு தப்படி நடந்து பஸ் பிடித்தார்கள், இப்போது ஏரிக்கரையைச் சுற்றி நாலு கிலோமீட்டர். மழை பெய்தால் அந்தக் கரையில் சைக்கிள்கூட இறங்காது.

ஆவணி கடைசியில் வரலட்சுமி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். அவருடைய மகள் சிநேகாவுக்கு முந்தின வாரம்தான் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். வளையல் போட்டு அழைத்து வந்தாயிற்று, இனி பிள்ளை பெற்றுத்தான் திரும்ப வேண்டும். நாள் குறித்திருந்தது கார்த்திகையில், அதாவது அடைமழையில். சுவர் இருக்கிற வரை ஆம்புலன்ஸ் காலனிக்குள் வராது. வரலட்சுமிக்கு வேண்டியது அவ்வளவுதான், சுவரில் ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழி.

அவர் கையில் மனு வைத்திருந்தார். ஜெயகிருஷ்ணன் எழுந்து நின்று கும்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு, இங்கே மனு வாங்குவதில்லை என்றார். மனு என்பது கையேந்துகிறவரின் மொழி, நீங்கள் கையேந்தக்கூடாது, இது உங்கள் உரிமைப் பதிவு என்று சொல்லி ஏழாம் படிவத்தைக் கொடுத்தார். வரலட்சுமி நெகிழ்ந்துபோய்விட்டார். ஓர் அதிகாரி எழுந்து நின்றதை அவர் முதல் தடவை பார்க்கிறார். படிவத்தில் குடியிருக்கும் இடத்தின் புல எண் கேட்டிருந்தது. சொன்னார். கணினியில் போட்டதும் திரை பச்சையாக மாறி, பூங்கா என்று வந்தது.

"பூங்காவுல யாரும் குடியிருக்க முடியாதும்மா," என்றார் ஜெயகிருஷ்ணன், உண்மையான வருத்தத்தோடு.

"நாங்க கீறோமே சார். எங்க மாமியாரு காலத்துலேருந்து அங்கதான் கீறோம்."

அதற்கு அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். இந்த ஆணையம் யாரையும் விலக்காது என்றார். குடியிருப்பவர் என்று பதிய முடியாவிட்டால் என்ன, பூங்காப் பயனாளர் என்று பதியலாம், மாவட்டத்தின் மிகப் பெரிய பணக்காரருக்கு அந்தப் பூங்காவில் என்ன உரிமையோ அதே உரிமை அணுவளவும் குறையாமல் வரலட்சுமிக்கும் உண்டு என்றார். பதிவுச் சீட்டில் முத்திரை குத்தி இரண்டு கையாலும் கொடுத்தார். பூங்காப் பயனாளர் எண் ஒன்று. வரலட்சுமி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுவர் எப்போது இடிப்பீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. விளிம்பில் இருப்பவர்கள் மையத்துக்கு வர வேண்டும் என்பதால் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பெரிய சொகுசு விடுதியில் ஏற்பாடு. காலனிப் பெண்களுக்குப் பஸ் விட்டார்கள். பஸ் ஏரிக்கரையைச் சுற்றி வந்து சேர்வதற்குள் சாசன வாசிப்பும் துவக்க உரையும் முடிந்து சாப்பாடு ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டதும் மேக்னா என்ற ஆலோசகர், சென்னையிலிருந்து வந்தவர், நல்ல பெண், எல்லோருக்கும் கலர் கலராக ஒட்டுத்தாள் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கனவு நகரத்தைப் பாருங்கள், பிறகு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார். வீட்டுக்கு ஒருவராக வந்திருந்த அறுபத்துநாலு பேரும் கண்ணை மூடினார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், காலை நாலு மணிக்கு எழுந்தவர்கள். எழுதும்போது எல்லோரும் ஒரே கனவைத்தான் எழுதியிருந்தார்கள். சுவரை இடியுங்கள்.

மேக்னா ஒட்டுத்தாள்களை உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல், உணர்வுகள் என்று மூன்றாகப் பிரித்தார். பூங்காவுக்கு உள்கட்டமைப்பில் சுவர் என்ற தலைப்பே இல்லாததால் அறுபத்துநாலும் உணர்வுகளில் போய் விழுந்தன. அறிக்கை பதினைந்து நாளில் வந்தது. பங்கேற்றவர்களில் நூற்றுக்கு நூறு பேர் அந்தச் சுவரோடு ஆழமான உணர்வுப் பிணைப்புக் கொண்டிருக்கிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

உணர்வுப் பிணைப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆணையம் சும்மா இருக்குமா. புரட்டாசி முடிவதற்குள் சென்னையிலிருந்து ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். காலனிப் பக்கம் சுவரில், இருபதடி அகலத்துக்கு, ஒரு திறந்த கதவை வரைந்தார்கள். கதவுக்கு அப்பால் நீளமாக ஒரு சாலை, சாலையின் முடிவில் ஒரு மஞ்சள் பஸ். அசல் பஸ் மாதிரியே இருந்தது. வரலட்சுமி வீட்டு ஆடு இரண்டு தடவை அதில் போய் முட்டிக்கொண்டது. திறப்பு விழாவில் ஜெயகிருஷ்ணன் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"ஒரு கதவைத் திறக்குறது சுலபம், யார் வேணா திறக்கலாம். மனசுல திறக்குற கதவுதான் கஷ்டம். ஆணையம் கஷ்டமான வேலையை எடுத்துக்கிட்டிருக்கு."

கைதட்டினார்கள். எட்டு மாதக் கர்ப்பிணியான சிநேகா முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓவியத்தின் முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள், அந்தப் படம் ஆணையத்தின் நாட்காட்டியில் வந்தது. விழா முடிந்து வரலட்சுமி என்னைத் தனியாகப் பிடித்தார். பொண்ணுக்கு காலு வீங்கிக்கினே போவுது சார், டாக்டரம்மா வலி வந்தா ஒடனே வந்துருன்னு சொல்லிக்கீறாங்க, எப்டி வர்றது என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சமோசாவைத் தொடவில்லை என்பது தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

நாட்காட்டி எங்கெங்கோ போய், அயல்நாட்டு நகரமைப்பு நிபுணர்கள் முப்பது பேர் அந்த ஓவியத்தை நேரில் பார்க்க வருகிறோம் என்று கடிதம் எழுதினார்கள். ஐப்பசி கடைசியில் தேதி. ஐப்பசி முழுக்க மழை கொட்டி ஏரிக்கரை களிமண் குழம்பாகிவிட்டது. நிபுணர்கள் வருவது குளிர்சாதனச் சொகுசுப் பஸ். ஓட்டுநர் முந்தின நாளே வந்து பார்த்துவிட்டு, கரைமேல் ஏற்றினால் பஸ் ஏரிக்குள்தான் போகும் என்று கைவிரித்தார். அலுவலகத்தில் பதற்றம். அவசரக் கூட்டம் கூடியது, எல்லோரும் எழுந்து நின்று இருபத்திரண்டு நிமிஷம் வாசித்தோம், பிறகு விருந்தினர் வசதிக்காக மூன்று நாள் மட்டும் சுவரில் இருபதடியைத் தற்காலிகமாக அகற்றுவது என்று முடிவாயிற்று. கடற்காற்று நகர்க்காரரும் நாலாம் நாள் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தார்.

மறுநாள் காலை ஜேசிபி ஏரிக்கரைச் சேற்றைக் கடந்து காலனிப் பக்கமாக வந்தது. இரண்டு மாதம் படிவம் நிரப்பி, ஒட்டுத்தாள் ஒட்டி, கதவு வரைந்த வேலையை அந்த இயந்திரம் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில் இடிப்பது என்று யாரும் அதன் ஓட்டுநரிடம் சொல்லவில்லை. பஸ் திரும்ப வசதியான இடம் தெருவுக்கு நேர் எதிரே, ஓவியம் இருந்த இடம்தான். அந்த மனிதர் ஓவியத்தையே இடித்துவிட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கதவு போட்டிருக்கிற இடத்தில்தானே வழி இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

நிபுணர்கள் பதினோரு மணிக்கு இறங்கினார்கள். இடைவெளி வழியாகப் பஸ் உள்ளே வந்து நின்றது. இறங்கி நின்று, ஓவியம் எங்கே என்று சுற்றும்முற்றும் பார்த்தார்கள். ஜெயகிருஷ்ணன் செங்கல் குவியலைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள். நீங்கள் வந்த வழிதான் அந்த ஓவியம் என்றார். வரைந்த கதவுக்கும் திறந்த கதவுக்கும் நடுவில் இருக்கிற கோட்டை ஆணையம் இன்று அழித்துவிட்டது, இது மூன்று நாள் மட்டுமே நிகழும் கலை, நாலாம் நாள் இந்த இடத்தை மறுபடி அடைத்துவிடுவோம், அப்போதுதான் இழப்பின் வலியைச் சமூகம் முழுமையாக உணரும் என்றார். நிபுணர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அழுதேவிட்டார்.

அந்த வலியை உணரப் போகிற சமூகம் அங்கேயே, இடைவெளிக்குப் பக்கத்தில், செங்கல் குவியல்மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பொண்ணுக்கு நாள் இன்னும் இரண்டு வாரம் இருக்கு, நாலாம் நாள் அடைச்சா எப்படி என்று வரலட்சுமி யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் மேஜை முன்னால் வந்து நின்றார். சுவரைத் திரும்பக் கட்டும் கோப்பு அப்போதுதான் என்னிடம் வந்திருந்தது. அவர் இடுப்பிலிருந்து மடித்த சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், பயனாளர்னு இத்த குடுத்தீங்களே. இதுக்கு இன்னா அதிகாரம் கீது?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முட்டி வலியோடு நின்றுகொண்டு நூறு தடவை வாசித்த சாசனம், பதினாறாவது நிமிஷத்தில் வருகிற முப்பத்தொன்றாம் பிரிவு, தானாக என் வாயில் வந்தது. பூங்காவை ஒட்டி எந்தக் கட்டுமானம் எழுப்புவதானாலும் ஆட்சேபணை தெரிவிக்கும் ஒவ்வொரு பூங்காப் பயனாளரையும் தனித்தனியே வட்டத்தில் அமர்த்திக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. சுவர் எழும்பியபோது பூங்காவும் இல்லை, சாசனமும் இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன.

அதை அவருக்கு ஒருமுறை சொன்னேன். இரண்டாம் தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார். எழுந்து போனார். சாயங்காலத்துக்குள் காலனியிலிருந்து அறுபத்து மூன்று பேர் வந்து பூங்காப் பயனாளர்களாகப் பதிந்துகொண்டார்கள். வீட்டுக்கு ஒருவர். அறுபத்துநாலு ஆட்சேபணைகள். நான் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினேன். முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தில் முத்திரை குத்திச் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கடற்காற்று நகர்க்காரர் வந்து சத்தம் போட்டார். ஆனால் ஜெயகிருஷ்ணன் பூரித்துப்போயிருந்தார். எந்தக் கூட்டத்துக்கும் பஸ் விட்டு அழைத்துவர வேண்டியிருந்த மக்கள் தாங்களாகவே வந்திருக்கிறார்களே. சாசனத்தின் ஓர் எழுத்தைக்கூட மீற மாட்டேன், மாதத்துக்கு இரண்டு பேரைத்தான் விசாரிக்க முடியும், ஒவ்வொரு விசாரணைக்கும் முழு வாசிப்பு உண்டு என்று சொல்லிவிட்டார். கணக்குப் போட்டால் இரண்டு வருஷம் எட்டு மாதம் வருகிறது. அதுவரை செங்கல் வைக்க முடியாது.

கார்த்திகை ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குச் சிநேகாவுக்கு வலி கண்டது. நல்ல மழை. நூற்றெட்டு வண்டி இடைவெளி வழியாக நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஏரிக்கரை முழங்கால் தண்ணீரில் கிடந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். இன்னும் அரைமணி தாமதமாகியிருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தபோது வரலட்சுமி அவரை மேலே பேசவிடவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. பத்து நாள் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தபோது கிட்டே கூப்பிட்டு, திட்டத்தில் திருத்தம் செய்ய எனக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, காலனியைப் பச்சையிலிருந்து குடியிருப்புக்கான மஞ்சளுக்கு மாற்றிவிடுகிறேன், நான் செய்த தப்பு அது, என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"மஞ்சளாக்கிட்டா நாங்க பயனாளர் இல்லியே சார்," என்றார் வரலட்சுமி. "அப்பால அந்த அறுபத்துநாலு பேப்பரும் செல்லாது. மறுநாளே சொவுரு வந்துரும். அங்க குடியிருக்கிறவங்கன்னு எத்தினி வாட்டி வந்து சொன்னோம், கேட்டீங்களா? பூங்காவுக்கு வந்துபோறவங்கன்னு சொன்னதும் ஒடனே கேக்குறீங்க. பச்சையாவே கெடக்கட்டும் சார். வண்டி வருதுல்ல."

நான் திருத்தக் கோப்பை மூடி வைத்தேன். அவர் வந்தது வேறு வேலைக்கு. குழந்தையைப் பயனாளராகப் பதிய வேண்டும், விசாரணை இன்னும் பதினைந்து நாள் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். எண் அறுபத்தைந்து. பெண், வயது பத்து நாள். படிவத்தில், நீங்கள் வழக்கமாக இந்தப் பூங்காவில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. வாசித்துக் காட்டினேன்.

"வந்துட்டா சார்," என்றார். "திரும்பிப் போறதுக்கு வேற வூடு இல்லன்னு எழுதிக்கோ."